மலை வீட்டில் ஈரமும் புகையும்: காற்றுக் கருவி வாங்கும் முன் புதிதாகக் குடிவருவோர் செய்ய வேண்டியவை

சமவெளியிலிருந்து நீலகிரிக்கோ பழனி மலைக்கோ குடிபெயர்பவர்களின் சாமான்களோடு இப்போதெல்லாம் காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றும் லாரியில் ஏறி வருகிறது. தில்லியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும், குவைத்திலும் ரியாத்திலும் மணற்காற்றோடு பல ஆண்டுகள் வாழ்ந்து திரும்பியவர்களும் அந்தக் கருவி இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியாதவர்களாக இருப்பதில் வியப்பில்லை. பாலைவனத்து ஊர்களில் அது உண்மையாகவே உழைத்தது. ஜன்னல் இடுக்கு வழியே இறங்கும் மணல்தூசில் பெரியதை முன்வடிகட்டியும் நுண்ணியதை ஹெப்பா எனப்படும் அடர்ந்த இழை வடிகட்டியும் பிடித்தன, சில மாதங்களில் இரண்டும் அடைபட்டன, மாற்றினார்கள். மலையின் நிலைமை வேறு. கொடைக்கானலில் 1899-இல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டதற்கும், 1960-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ஆலைக்கு உதகை தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும் இங்குள்ள தூசு குறைந்த காற்று ஒரு காரணம். அப்படிப்பட்ட இடத்துக்கு வந்து, முதல் செலவாகத் தூசுக்கான கருவியை வாங்குவது பொருத்தமில்லை.

இங்கே வீட்டுக்குள் காற்றைக் கெடுப்பவை ஈரமும் புகையும்தான். ஈரத்தால் சுவரிலும் மெத்தையிலும் பீரோவின் பின்புறத்திலும் பூசணம் பிடிக்கிறது. அதன் நுண்வித்துகள் மூச்சோடு உள்ளே போகின்றன. குளிருக்காக மூட்டும் விறகும் கரியும் எரிவாயுவும் புகையையும் அதைவிடக் கொடிய நச்சுவாயுவையும் தருகின்றன. ஆகவே முதலில் அளவிடுவது, அடுத்து நீர் வரும் வழியை அடைப்பது, பிறகு காற்றோட்டத்தை ஒழுங்குபடுத்துவது, அதற்கும் பிறகு தேவையானால் ஈரநீக்கி, கடைசியாகச் சுத்திகரிப்பான் என்பதே சரியான வரிசை. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதனால் வடிகட்டியிலேயே பூசணம் பிடித்து, காற்றைச் சுத்தம் செய்ய வைத்த கருவி அறை முழுவதும் மக்கிய வாடையை வீசத் தொடங்குகிறது.

முதல் படி: உங்கள் மலைப்பக்கத்தை அறிவது

நீலகிரி முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று எண்ணிக்கொண்டு வரக்கூடாது. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் அடித்துப் பெய்யும். மேற்கு விளிம்பிலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று பதிவான ஒரு நாள் மழை ஏறத்தாழ 82 சென்டிமீட்டர். அதே மாவட்டத்தின் கிழக்குச் சரிவிலுள்ள குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர், நவம்பரில்தான் அதிகம் நனைகின்றன. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கொடைக்கானலுக்கு வடகிழக்குப் பருவமழையே பெரிது. வீடு பார்க்க வருபவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் வந்து வெயிலில் மினுங்கும் சுவரைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். முடிந்தால் அந்தப் பகுதியின் மழைமாதத்தில் ஒரு முறை வந்து பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டாரிடம், மழைக்காலத்தில் துணி காய எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள். வீட்டு உரிமையாளர் தரும் எந்த உறுதிமொழியையும்விட அந்தப் பதில் நம்பத்தக்கது.

வீட்டின் திசையும் முக்கியம். குளிர்காலத்தில் வெயில் தெற்கே சாய்ந்து விழும் என்பதால், தெற்கே திறந்த வீடு ஜனவரியில் உலர்ந்துகொள்ளும். வடக்குச் சரிவில், உயர்ந்த கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களுக்கோ சீகை (வாட்டில்) மரங்களுக்கோ பின்னால் ஒதுங்கிய வீட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பள்ளத்தாக்கைப் பார்த்த முனைவீடுகளில் காட்சி அழகாக இருக்கும். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் மூடுபனி முதலில் நுழைவதும் அந்த வீட்டின் ஜன்னலில்தான்.

இரண்டாம் படி: ஈரத்தை அளப்பது

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எண்முகப்பு ஈரப்பதமானிகள் மூன்றை வாங்குங்கள். ஒன்றைக் கூடத்திலும், ஒன்றைப் படுக்கையறையிலும், மற்றொன்றை வீட்டிலேயே மிகவும் சந்தேகத்துக்குரிய இடத்திலும், அதாவது வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவின் பின்னால், வையுங்கள். விலை குறைந்த மானிகள் ஐந்து விழுக்காடு கூட்டியோ குறைத்தோ காட்டுவது வழக்கம் என்பதால், பயன்படுத்தும் முன் சமையல் உப்பைக் கொண்டு சோதித்துவிடலாம். ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, கரையாமல் களிபோல் ஈரமாகும் அளவுக்கு மட்டும் சில துளி நீர் விட்டு, அந்த மூடியையும் மானியையும் காற்றுப் புகாத பையில் ஒன்றாக இட்டு இரவு முழுவதும் விட்டுவிட்டால், காலையில் மானி 75 விழுக்காடு காட்ட வேண்டும். 70 காட்டினால், அந்த மானியில் எப்போதும் ஐந்தைக் கூட்டிப் படியுங்கள். மானியின் மீது அதன் பிழையை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

இரண்டு வாரங்கள் காலையிலும் மாலையிலும் குறித்துவையுங்கள். 50-லிருந்து 60 விழுக்காட்டுக்குள் இருந்தால் அந்த வீட்டுக்கு எந்தக் கருவியும் தேவைப்படாமலே போகலாம். 60-க்கும் 70-க்கும் இடையே நின்றால் எச்சரிக்கையோடு காற்றோட்டத்தைத் திருத்த வேண்டும். 70-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் வரும். வந்திருக்கிறதா என்று தேடுவதுதான் மிச்சம். கூடத்தில் 65 என்றும் பீரோவின் பின்னால் 82 என்றும் இருந்தால், சிக்கல் அறைக்காற்றில் இல்லை. அந்தச் சுவரில் இருக்கிறது.

மூன்றாம் படி: நீர் வரும் வழியை அடைப்பது

ஒரு சுவரின் ஈரம் உள்ளிருந்து வருகிறதா, அறைக்காற்றிலிருந்து அதன் மேல் படிகிறதா என்பதைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. சமையலறையில் பயன்படுத்தும் அலுமினியத் தாளை ஓர் அடிச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரங்களையும் இடைவெளியின்றி நாடாவால் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து, தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் படிகிறது என்று பொருள். சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் நீர் இருக்கிறது. அப்படியானால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் உங்கள் மின்கட்டணத்தை ஏற்றுமே தவிரச் சுவரை உலர்த்தாது.

மலை வீடுகளில் அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வழக்கமான விடைகள் மூன்று. முதலாவது, சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளின் பின்சுவர். மேட்டு மண்ணுக்கும் சுவருக்கும் இடையே ஒரு வாய்க்கால் இருந்தாக வேண்டும்; பல வீடுகளில் அது இருந்தும், இலையும் மண்ணும் நிரம்பித் தூர்ந்துபோய், மழைநீர் சுவரடியில் தேங்கி ஓதமாக ஏறுகிறது. அந்த வாய்க்காலைத் தூர்வாரும் ஒரு நாள் கூலியே பல வீடுகளில் போதுமான மருத்துவம். இரண்டாவது, கூரை. தகரக் கூரையில் ஆணி அடித்த இடங்களும், மங்களூர் ஓட்டுக் கூரையில் விரிசல் விட்ட ஓடுகளும், கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரக் கால்வாயின் அடைப்பும் மழைக்கு முன்பே பார்க்கப்பட வேண்டியவை. மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை: பழைய பங்களாக்களின் சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் மேல் பிற்காலத்தில் பூசிய சிமென்ட்டும் பிளாஸ்டிக் வண்ணமும். சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை வாங்கி வெயிலில் வெளியே விடும் இயல்புடையது. அதன் மேல் நீர் புகாத பூச்சைப் பூசினால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி, பூச்சுக்கு அடியில் உப்புப் பூத்து, செதில் செதிலாக உரிந்து விழும். உரிந்ததைப் பார்த்து இன்னும் கெட்டியான பூச்சைப் பரிந்துரைக்கும் வண்ணக்காரர்களுக்குக் குறைவில்லை. பழைய சுவருக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே சரி. மரத்தளம் போட்ட பழைய வீடானால், தளத்துக்கு அடியில் காற்றுப் போய்வர வெளிச்சுவரின் அடிப்பகுதியில் விட்டிருக்கும் துளைகளை, எலி வருகிறதென்று யாரேனும் அடைத்துவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கம்பிவலை அடித்தால் எலியும் வராது, காற்றும் நிற்காது.

வாடகைக்கு வருபவர்களுக்கு இவற்றுள் பலவும் தம் கையில் இல்லாதவை. வாய்க்கால், கூரை, சுவர் ஆகிய மூன்றையும் வாடகை பேசும்போதே பேசி, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: நாமே உண்டாக்கும் ஈரத்தைக் குறைப்பது

வெளிமழையைக் குறை சொல்லும் நாம் வீட்டுக்குள் எவ்வளவு நீரைக் காற்றில் விடுகிறோம் என்பதை எண்ணுவதில்லை. இயந்திரத்தில் பிழிந்தெடுத்த ஒரு முறைத் துணி, காய்ந்து முடிவதற்குள் ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீரைக் காற்றில் சேர்க்கிறது. உறங்கும் ஒருவர் இரவில் மூச்சாலும் வியர்வையாலும் கால் லிட்டருக்கு மேல் சேர்க்கிறார். எரிவாயுவும் நீரே தருகிறது என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்: ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரால் அறையைச் சூடாக்குபவர், சூட்டோடு சேர்த்து அந்த நீர் முழுவதையும் அறைக்குள் விடுகிறார். விடியற்காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீர் அதுதான். மின் ஹீட்டரில் இந்தத் தொல்லை இல்லை. எண்ணெய் நிரப்பிய வகை, இரவில் படுக்கையறைக்கு ஏற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையை நிறுத்திச் சொல்ல வேண்டும். கரி அடுப்பையோ இறைச்சி வாட்டும் கரித்தட்டையோ குளிருக்காக அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி உறங்கியவர்கள் காலையில் எழாமலே போன செய்திகள் இரு மலைகளிலிருந்தும் வந்திருக்கின்றன. கரியும் விறகும் எரிவாயுவும் காற்றுப் பற்றாமல் எரியும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஹெப்பா வடிகட்டியும் கரி வடிகட்டியும் அதைப் பிடிப்பதில்லை. காற்றுச் சுத்திகரிப்பான் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை உயிரைக் காக்காது. கணப்பு உள்ள வீடானால் அதன் புகைபோக்கியை ஆண்டுக்கொரு முறை சுத்தம் செய்வதும், படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் ஒன்றைப் பொருத்துவதும் கட்டாயம் என்றே கொள்ளுங்கள்.

ஜன்னலை எப்போது திறப்பது என்பதில் சமவெளிப் பழக்கம் உதவாது. சமவெளியில் விடியற்காலையில் திறந்து வெயில் ஏறியதும் சாத்துவோம். மலையில் பெரும்பாலும் அதற்கு மாறாகச் செய்ய வேண்டும். ஆனால் அதுவும் மாதத்துக்கு மாதம் மாறும். காரணம் இதுதான்: சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கினால், 10 டிகிரியில் 9 கிராம் சொச்சமே தாங்கும். ஜனவரி நண்பகலில் வெளியே 20 டிகிரியும் 40 விழுக்காடு ஈரமும் இருந்தால், அந்தக் காற்றில் 7 கிராம் நீராவிதான் இருக்கிறது. அது 15 டிகிரியில் இருக்கும் உங்கள் அறைக்கு வந்தால் ஈரப்பதம் 54 விழுக்காட்டளவில் நிற்கும். ஆகவே உறைபனிக் காலத்தில் முற்பகல் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை எல்லா ஜன்னல்களையும், பீரோக் கதவுகளையும் சேர்த்து, திறந்துபோடுங்கள். ஆனால் மே மாதத்தில், கோடைமழை பெய்து ஓய்ந்த பகலில், வெளியே 23 டிகிரியும் 70 விழுக்காடும் இருக்கும்போது அந்தக் காற்றில் 14 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். 16 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் கற்சுவரை அது தொட்டவுடன், தாங்க முடியாத மிச்சம் நீராகப் படிந்துவிடும். வெளியே இதமாக இருக்கிறதே என்று அந்த நேரத்தில் திறந்துவைத்தால், சுவர் தானாகவே நனைவதைக் கண்ணால் காணலாம். பருவமழை நாள்களிலோ வெளிக்காற்றும் உட்காற்றும் ஏறக்குறைய ஒன்றே. சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டு, மற்ற ஜன்னல்களைச் சாத்தியே வைப்பது நல்லது.

ஐந்தாம் படி: ஈரநீக்கியைத் தேர்ந்தெடுப்பது

இவ்வளவும் செய்த பிறகும் மானி 70-க்கு மேலேயே நின்றால், டீஹியூமிடிஃபையர் என்று கடைகளில் சொல்லப்படும் ஈரநீக்கி வாங்கலாம். இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எனவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஈரநீக்கிகள் மூன்று வகை. பரவலாக விற்பது கம்ப்ரஸர் வகை. குளிர்பெட்டியைப் போலவே உள்ளே ஒரு குளிர்ந்த சுருள் இருக்கும். காற்று அதைத் தொடும்போது ஈரம் நீராகிச் சொட்டித் தொட்டியில் சேரும். பெட்டியின் மேல் 12 லிட்டர், 20 லிட்டர் என்று அச்சிட்டிருப்பது ஒரு நாளில் எடுக்கும் நீரின் அளவு. ஆனால் அந்த அளவு பெரும்பாலும் 30 டிகிரி வெப்பத்திலும் 80 விழுக்காடு ஈரத்திலும் சோதித்துச் சொல்லப்படுவது. சென்னைக்கு அது சரி. ஆகஸ்டில் 15 டிகிரிக்குக் கீழே கிடக்கும் உதகை அறையில் அதே கருவி, அச்சிட்ட அளவில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இன்னும் குளிர்ந்தால் சுருளின் மேல் பனி படிந்து, அதைக் கரைப்பதற்கே நேரத்தைச் செலவிடும். ஆகவே கம்ப்ரஸர் வகையை வாங்குவதானால், தேவை என்று தோன்றும் அளவைப்போல் இரண்டு மடங்கு கொள்ளளவு உள்ளதையும், பனியைத் தானே கரைக்கும் ஏற்பாடு உள்ளதையும், எத்தனை டிகிரி வரை இயங்கும் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருப்பதையும் வாங்குங்கள். கூடலூர் போலச் சுமார் 1,000 மீட்டர் உயரத்திலுள்ள, குளிர் குறைந்த ஊர்களுக்கு இந்த வகையே போதும்.

இரண்டாவது வகையில் குளிர்ச்சுருள் இல்லை. ஈரத்தை உறிஞ்சும் ஜியோலைட் போன்ற பொருளால் ஆன சக்கரம் ஒன்று மெல்லச் சுழல்கிறது. உறிஞ்சிய ஈரத்தைச் சூட்டால் பிரித்து நீராக்குகிறார்கள். டெசிக்கன்ட் வகை எனப்படும் இது குளிரில் சோர்வதில்லை. எடையும் ஓசையும் குறைவு. அறையைச் சில டிகிரி சூடாக்கவும் செய்யும், அது மலையில் நன்மையே. எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் மின்சாரம் அதிகம் என்பதும், நம் ஊர்க் கடைகளில் தேர்வு குறைவு என்பதும் குறைகள். 2,000 மீட்டருக்கு மேலுள்ள உதகை, கொடைக்கானல் வீடுகளுக்கு, கிடைக்குமானால், என் பரிந்துரை இதுவே.

மூன்றாவது, கையடக்கமாக, ஓசையின்றி, மலிவாக இணையக் கடைகளில் விற்கும் பெல்டியர் வகை; மின்சாரத்தால் ஒரு சிறு தகட்டைக் குளிர்வித்து ஈரத்தை எடுப்பது. உகந்த சூழலிலேயே நாளுக்குச் சில நூறு மில்லிலிட்டர்தான் எடுக்கும். மலைக்குளிரில் அதுவும் இராது. ஓர் அறையில் உறங்கும் இருவர் ஓர் இரவில் வெளியிடும் ஈரத்துக்குக்கூட அது ஈடுகொடுக்காது. வாங்க வேண்டாம்.

மின்செலவை வாங்கும் முன்பே கணக்கிட்டுவிடுங்கள். 300 வாட் கருவி நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட்; இரண்டு மாதக் கட்டணச் சுற்றில் 144 யூனிட் கூடும். வீடு முழுவதையும் உலர்த்த முயலாமல், படுக்கையறை ஒன்றையும் துணி உலர்த்தும் அறை ஒன்றையும் தேர்ந்தெடுத்து, கதவு ஜன்னல்களைச் சாத்தி ஓடவிட்டால் செலவு அடங்கும். ஈரப்பதத்தை 55 அல்லது 60 என்று வைத்தால் போதும். 40-க்கு இறக்கினால் கருவி ஓயாது ஓடும், மரத்தளமும் பழைய மரச் சாமான்களும் வெடிப்பு விடும். தொட்டி நிரம்பியதும் நின்றுபோகாமலிருக்கக் குழாய் பொருத்தி வெளியே விடும் வசதியும், மின்தடை நீங்கியதும் தானே இயங்கும் வசதியும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுவது இங்கே அன்றாட நிகழ்ச்சி. மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதியானால் ஸ்டெபிலைசரும் வாங்குங்கள். கம்ப்ரஸர் கருவி மலைப்பாதையில் படுக்கவைத்து ஏற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால், வந்தவுடன் இயக்காமல், ஒரு நாள் நிமிர்த்திவைத்த பிறகே இயக்குங்கள்.

அலமாரிக்குள் தொங்கவிடும் கால்சியம் குளோரைடு பொட்டலங்கள் மூடிய சிறு இடத்துக்கு மட்டும் உதவும். சான்றிதழ்கள், பட்டுப்புடவைகள், கேமரா லென்சுகள் ஆகியவற்றை, சிலிக்கா ஜெல் மணிகளோடு காற்றுப் புகாத பெட்டியில் வைப்பதே நல்லது. லென்சில் ஒருமுறை பூஞ்சை படர்ந்தால், துடைத்தாலும் கண்ணாடியில் வடு நிற்கும்.

ஆறாம் படி: சுத்திகரிப்பான் யாருக்குத் தேவை

வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், வீடு சீசன் காலத்தில் வாகனங்கள் நகராமல் நிற்கும் சாலையோரத்தில் இருந்தால், அண்டை வீடுகளின் விறகுப் புகை மாலைதோறும் உள்ளே வந்தால், அல்லது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட நாள்களில் காட்டுத்தீப் புகை எட்டும் இடமானால் சுத்திகரிப்பான் பயன் தரும். பூசணத்தின் நுண்வித்துகளையும் ஹெப்பா வடிகட்டி எளிதில் பிடிக்கும். அவை பெரும்பாலும் இரண்டு மைக்ரானுக்கு மேற்பட்டவை. ஆனால் சுவரில் பூசணம் இருக்கும் வரை வித்துகள் வந்துகொண்டேதான் இருக்கும்.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் சதுர அடியை நம்ப வேண்டாம். அது எட்டடி, ஒன்பதடி உயரக் கூரையை மனத்தில் வைத்துச் சொல்வது. சி.ஏ.டி.ஆர். என்ற எண், ஒரு மணி நேரத்தில் கருவி தரும் சுத்தமான காற்றைக் கன மீட்டரில் சொல்கிறது. அதை அறையின் கன அளவோடு ஒப்பிட வேண்டும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்பதடி உயரமானால் அதன் கன அளவு ஏறத்தாழ 37 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்றைச் சுத்தம் செய்ய 185 அளவுள்ள கருவி போதும். பழைய பங்களாவின் பதினைந்துக்குப் பதினெட்டு அடிக் கூடம், பதினான்கு அடி உயரத்தோடு 107 கன மீட்டர். அதற்கு 535 வேண்டும். அத்தனை பெரிய கூடத்துக்குச் செலவு செய்வதைவிட, உறங்கும் அறைக்கு மட்டும் வாங்குவது அறிவு.

வடிகட்டி எச்13 தரமுள்ள உண்மையான ஹெப்பாவாக இருக்கட்டும். 'ஹெப்பா போன்றது' என்று எழுதியிருப்பவற்றுக்கு வரையறை எதுவும் இல்லை. புகை வாடைக்குக் கரி வடிகட்டி வேண்டும். அதிலும் மெல்லிய கறுப்புத் துணிபோல் இருப்பது சில வாரங்களில் தீர்ந்துவிடும், கரித்துகள்களை எடைபோட்டு நிரப்பியதே நிலைக்கும். ஓசோன் உண்டாக்கும் கருவிகளை, பூசண வாடையைப் போக்கும் என்று எவ்வளவு சொன்னாலும், தவிர்த்துவிடுங்கள். ஓசோன் நுரையீரலுக்கே கேடு. அயனி வெளியிடும் பொத்தான் இருந்தால் அணைத்தே வையுங்கள்.

மூடுபனி உள்ள ஊர்களுக்கென்றே ஒரு குறிப்பு. இந்தக் கருவிகளின் முகப்பில் பி.எம். 2.5 அளவை, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகள்களின் அளவை, காட்டும் உணரி, ஒளி சிதறுவதைக் கொண்டு துகள்களை எண்ணுகிறது. பனித்துளிக்கும் புகைத்துகளுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. ஜன்னல் வழியே மேகம் நுழைந்ததும் முகப்பு சிவந்து, எண் நூறைத் தாண்டினால் பதற வேண்டாம். ஜன்னலைச் சாத்தி, அறை சற்றுச் சூடாகி ஈரப்பதம் 80-க்குக் கீழே இறங்கிய பிறகு படிக்கும் எண்ணே உண்மைக்கு அருகில் இருக்கும். அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்றால், 24 மணி நேரச் சராசரிக்கு இந்தியத் தரநிலை கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டு அளவு 15.

பராமரிப்பில் மலைக்கென்று தனிப் பழக்கம் தேவை. கழுவக்கூடிய முன்வடிகட்டியை மழைக்காலத்தில் கழுவி, காய்ந்ததுபோல் தோன்றியவுடன் மாட்டினால், அதன் ஈரம் பின்னாலிருக்கும் ஹெப்பாவுக்கு ஏறும். கழுவாமல், தூசு உறிஞ்சியால் சுத்தம் செய்வதே அந்த மாதங்களில் பாதுகாப்பு. ஹெப்பாவைக் கழுவவே கூடாது. கருவியை வாரக்கணக்கில் அணைத்து ஈர அறையில் வைப்பதும், குறைந்த வேகத்திலாவது ஓடவிடுவதும் ஒன்றல்ல: தூசு படிந்த வடிகட்டி, காற்றோட்டமின்றி 80 விழுக்காட்டு ஈரத்தில் கிடந்தால் அதிலேயே பூசணம் வளரும். வடிகட்டியிலிருந்து மக்கிய வாடை வந்தால், மாற்றும் விளக்கு எரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே பிடித்த பூசணத்தை நீக்குவது

இரண்டு கை விரித்த அளவுக்குள் இருக்கும் பூசணத்தை நீங்களே நீக்கலாம். என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புநீரால் தேய்த்துத் துடைத்து, அந்த இடத்தை ஓரிரு நாளில் முழுவதும் உலரச் செய்யுங்கள். உலர்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டுவது வித்துகளை வீடெங்கும் பரப்பும். பிளீச்சிங் திரவத்தோடு கழிவறை அமிலத்தையோ அமோனியா சேர்ந்த திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். ஊறிப்போன மெத்தையும் தலையணையும் திரும்பாது, போக்கிவிடுங்கள். பூசணத்தின் மேலேயே வண்ணம் அடிப்பது அடுத்த மழை வரைக்குமான மறைப்புதான். அறையின் பெரும்பகுதிக்குப் பரவியிருந்தால், மூன்றாம் படிக்குத் திரும்பி நீரின் வழியைத் தேட வேண்டும். பீரோ, கட்டில் ஆகியவற்றைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளிப் போடுவது, செலவின்றி உடனே செய்யக்கூடியது.

ஜனவரி, பிப்ரவரியின் காய்ந்த நாள்களில் ஈரநீக்கியின் தொட்டியைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, கருவியை நிமிர்ந்த நிலையிலேயே மூடிவைக்கலாம். மாற்று வடிகட்டிகளை மே மாதத்துக்குள் வரவழைத்துவிடுங்கள். மழையில் மலைப்பாதை சரிந்தால் பார்சல்கள் அடிவாரத்திலேயே தங்கிவிடும். வந்த வடிகட்டியின் உறையைப் பார்க்கும் ஆசையில் பிரிக்காமல், மாட்டும் நாள் வரை முத்திரையோடு பரண் மேல் வையுங்கள்.